விடுதி இருந்த இடத்தில் ஊர் முளைத்தது

சிட்னியின் தென்மேற்கில், நகர மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கப்ரமாட்டா. மெல்போர்னில் ஸ்பிரிங்வேல், ஃபுட்ஸ்கிரே. பிரிஸ்பேனில் இனாலா, டாரா. ஆஸ்திரேலியாவின் வியட்நாமியப் புறநகர்கள் என்றால் இந்தப் பெயர்கள்தான் முதலில் வரும். இவற்றில் எதுவும் துறைமுகம் அல்ல, பேர்பெற்ற வணிக மையமும் அல்ல. பல நூறு புறநகர்கள் இருக்க, கடல் கடந்து வந்த மக்கள் இவற்றில் வேர்விட்டது ஏன்?

விடை வரைபடத்திலேயே இருக்கிறது. கப்ரமாட்டாவிலும் பக்கத்து வில்லாவுட்டிலும் அரசின் குடியேறிகள் விடுதிகள் இருந்தன. ஸ்பிரிங்வேலில் எண்டர்பிரைஸ் விடுதி, ஃபுட்ஸ்கிரேயை ஒட்டிய மரிபிர்னாங்கில் மிட்வே விடுதி, இனாலாவுக்கு அருகே வேக்கால் விடுதி. அகதிகள் முதலில் தங்கியதும் ஆங்கிலத்தின் முதல் பாடங்களைக் கற்றதும் அங்கேதான். வெளியே வந்ததும் பலர் நடந்துபோகும் தூரத்திலேயே வாடகை வீடு பிடித்தார்கள். வாடகை குறைவு, ரயில் நிலையம் உண்டு, ஆங்கிலம் அதிகம் கேட்காத தொழிற்சாலை வேலைகளும் அருகிலேயே இருந்தன.

இது நடக்க முதலில் ஒரு சட்டக் கதவு திறக்க வேண்டியிருந்தது. வெள்ளையரை மட்டுமே வரவேற்ற குடியேற்றக் கொள்கையின் கடைசி மிச்சங்களை 1973இல் கஃப் விட்லமின் அரசு நீக்கியது. அந்தப் பிரதமரின் சொந்த வீடே கப்ரமாட்டாவில்தான் இருந்தது. 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தது. மறு ஆண்டு ஏப்ரலில், ஐந்து இளைஞர்களுடன் ஒரு சிறிய மரப்படகு டார்வின் துறைமுகத்தை அடைந்தது. ஆஸ்திரேலியக் கரையைத் தொட்ட முதல் வியட்நாமிய அகதிப் படகு அதுதான். பின்னர் பல்லாயிரம் பேர் மலேசிய, தாய்லாந்து, இந்தோனேசிய முகாம்களிலிருந்து விமானத்தில் வந்தார்கள். கடலில் மாண்டவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் முழுமையாக இல்லை.

அமெரிக்கா வேறு வழியை முயன்றது. 1975இல் சுமார் 1,30,000 அகதிகளை நான்கு ராணுவ முகாம்களில் தங்கவைத்தது: கலிபோர்னியாவில் பெண்டில்டன், ஆர்கன்சாவில் சாஃபி, புளோரிடாவில் எக்லின், பென்சில்வேனியாவில் இண்டியன்டவுன் கேப். பிறகு, எந்த ஊருக்கும் சுமையாகிவிடக் கூடாது என்று, தேவாலயங்களும் குடும்பங்களும் பொறுப்பேற்க, அவர்களை நாடு முழுவதும் பிரித்து அனுப்பியது. சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டம் குலைந்தது. பனி கொட்டும் சிற்றூர்களில் தனித்துவிடப்பட்ட குடும்பங்கள் கலிபோர்னியாவுக்கும் டெக்சாசுக்கும் தாங்களாகவே இடம்பெயர்ந்தன. கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரில் ‘குட்டி சைகோன்’ இப்படித்தான் வளர்ந்தது. 1988இல் மாநில ஆளுநரே அந்தப் பெயரை அதிகாரபூர்வமாக ஏற்றார்.

பிரித்து வைத்தாலும் மக்கள் ஏன் மீண்டும் கூடுகிறார்கள்? உறவுப் பாசம் ஒரு காரணம். அதற்குக் கீழே கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு கடையோ மருத்துவமனையோ நிலைக்க, குறைந்தபட்சம் இத்தனை பேராவது அதைத் தேடி வர வேண்டும் என்று ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் விளக்கினார். ஊருக்கு ஒரு வியட்நாமியக் குடும்பம் என்றால் மீன் சாற்றுப் புட்டிக்குக்கூட வழியில்லை. ஆயிரம் குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தால் மளிகைக் கடை வரும். ஃபோ சூப்பும் பான் மீ ரொட்டியும் விற்கும் கடைகள் வரும். தாய்மொழியில் நோயைக் கேட்டறியும் மருத்துவர் வருவார், பத்திரிகை வரும், புத்த விகாரை எழும். இவை இருப்பதால் மேலும் பலர் வருவார்கள்.

முதலீடும் அக்கம்பக்கத்திலிருந்தே திரண்டது. அடமானம் வைக்க எதுவுமில்லாத அகதிக்கு வங்கி எளிதில் கடன் தராது. வியட்நாமியரிடம் ‘ஹுய்’ என்றொரு ஏற்பாடு உண்டு. மாதந்தோறும் எல்லோரும் பணம் போடுவார்கள். அவசரத் தேவை உள்ளவர் கூடுதலாகத் தள்ளிக் கேட்டு மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். நம் ஊர் ஏலச்சீட்டேதான். பத்திரமும் ஜாமீனும் இல்லாமல் முகப்பழக்கத்தின் பலத்தில் நடப்பதால், ஒருவரையொருவர் தினமும் பார்க்கும் தெருக்கள் அதற்கு அவசியம்.

தொழிலும் இதே வழியில்தான் பரவியது. 1975இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ அருகே ஓர் அகதி முகாமில், ஹிட்ச்காக் படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன், தம் நக அலங்கார நிபுணரை வரவழைத்து 20 வியட்நாமியப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கச் செய்தார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க, அவர்கள் இன்னும் பலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று அமெரிக்க நக அலங்காரத் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வியட்நாமிய வம்சாவளியினர் என்று மதிப்பிடப்படுகிறது.

இப்படிக் கூடி வாழ்வது முன்னேற்றத்துக்குத் தடையா, துணையா? இதை அளப்பது கடினம். எங்கே வாழ்வது என்பதை அவரவரே தேர்ந்தெடுத்தால், வருமான வேறுபாட்டுக்குக் காரணம் அந்த இடமா அந்த ஆளா என்று பிரித்தறிய முடியாது. சுவீடன் தற்செயலாக ஒரு வாய்ப்பைத் தந்தது. 1985 முதல் அந்த அரசு அகதிகளின் வசிப்பிடத்தைத் தானே ஒதுக்கியது. எடின், பிரெட்ரிக்சன், ஓஸ்லுண்ட் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் அந்தப் பதிவுகளை ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். தம் நாட்டவர் செறிந்த இடங்களில் வாழ்ந்தபோது, திறன் பயிற்சி குறைந்த குடியேறிகளின் வருமானம் உயர்ந்தது. செறிவு ஒரு திட்ட விலக்க அளவு, அதாவது அது இடத்துக்கு இடம் வழக்கமாக மாறுபடும் அளவு, கூடினால் உயர்வு 13 சதவீதம். அந்தச் சமூகத்தின் வருமானம் நன்றாக இருந்தால் பயனும் கூடியது. ஏதுமற்று வந்து இறங்கியவருக்கு, முன்னே வந்தவர் அருகில் இருப்பது பெரும் சொத்து.

முன்னே வந்தவரே வேலையிழந்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் கப்ரமாட்டா காட்டியது. 1980களில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெற்றோர் இன்றித் தனியே வந்த பதின்பருவத்தினர் சிலர் கும்பல்களில் சேர்ந்தார்கள். 1990களில் கப்ரமாட்டாவின் பெயர் ஹெராயினோடு சேர்த்தே பேசப்பட்டது. 1994 செப்டம்பர் 5 அன்று அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஜான் நியூமன் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர்மக்களும் சில காவலர்களும் இடைவிடாது குரல் கொடுத்த பிறகே, 2001இல் மாநில நாடாளுமன்றக் குழு விசாரித்துக் காவல்துறையின் அலட்சியத்தைச் சுட்டியது. அதன்பின் கண்காணிப்பும் போதை சிகிச்சையும் கூடின, தெருக்கள் மீண்டன. மக்கள் கூடி வாழ்ந்ததால் வந்த கேடு அல்ல அது. வேலையும் பாதுகாப்பும் அவர்களைக் கைவிட்டதால் வந்தது.

‘வியட்நாமியப் பேட்டை’ என்ற பெயரும் பாதி உண்மைதான். 20 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழும் கப்ரமாட்டாவில் வியட்நாமில் பிறந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவர்களிலும் பலர் சீன மரபினர். கம்போடியர், லாவோசியர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த செர்பியர் எனப் பலரும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். பக்கத்து ஃபேர்ஃபீல்டில் அசீரியர்கள் இருக்கிறார்கள். ஒரே இனம் தன்னைப் பூட்டிக்கொண்ட கோட்டை என்று இதைச் சொல்ல முடியாது.

1977இல் படகில் டார்வினுக்கு வந்த ஹியூ வான் லே, 2014இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். சைகோனில் பிறந்து சிறுமியாக அகதியாகி வந்த டாய் லே, கப்ரமாட்டாவை உள்ளடக்கிய ஃபவுலர் தொகுதியில் 2022இல் சுயேச்சையாக வென்று மத்திய நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் ஆஸ்திரேலியர்கள் வீட்டில் வியட்நாமிய மொழி பேசுகிறார்கள்.

டொரொண்டோவின் ஸ்கார்பரோவிலும் சிட்னியின் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பகுதிகளிலும் ஈழத்தமிழர் கூடியதற்குப் பின்னும் இதே கணக்கு இருக்கிறது. அகதிகளை ஏற்கும் எந்த நாட்டு ஆட்சியாளருக்கும் இதில் பாடம் உண்டு. வந்தவர்கள் ஒன்றாக வாழ்வதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அவர்கள் வாழும் இடத்துக்கு வேலையும் பள்ளியும் ரயிலும் பாதுகாப்பும் போய்ச் சேருகின்றனவா என்று பாருங்கள். அவை சேர்ந்தால், மற்றதை அந்த மக்களே கட்டிக்கொள்வார்கள்.