சமுதாயக் கூடத்தில் எது வேலை, எது சேவை?

2021 அக்டோபர் 27. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்தில் உள்ள முதலியார்குப்பம் என்ற சிற்றூரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தமிழக முதல்வர் தொடங்கி வைத்தார். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அப்போதும் திறக்கப்படவில்லை. நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக எழுத்தை மறந்திருந்த அந்தப் பிள்ளைகளை, அவர்கள் வாழும் தெருவிலேயே உட்கார வைத்து மாலை நேரத்தில் சொல்லிக் கொடுப்பதுதான் திட்டம். சமுதாயக் கூடம், வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி என எங்கு இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் வகுப்பு நடந்தது.

சொல்லிக் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள் அல்லர், தன்னார்வலர்கள். ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள். மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். மாநிலம் முழுவதும் சுமார் 2 இலட்சம் பேர் இப்படிச் சேர்ந்தார்கள். பெரும்பான்மையோர் பெண்கள்.

அந்த 1,000 ரூபாய் சம்பளமா, அன்பளிப்பா? அதைப் பெற்றவர் ஊழியரா, சேவையாளரா? கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்குத் தெளிவான பதில் தெரியாததால் நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஏமாற்றத்தைச் சுமக்கிறார்கள். எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உப்பளக் கரையில் மாலை வகுப்பு ஏன் முக்கியம்?

தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாக நம் மாநிலத்தில் உப்புக்குப் பெயர் பெற்றது மரக்காணம். மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் உப்பு வாருபவர்கள் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். வீடு திரும்பும் தாய்க்குப் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்கத் தெம்பு இருக்காது. அவர்களில் பலருக்குப் படிப்பும் இல்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகளில் மழைநீர் நிற்கும், வேலை நின்றுவிடும். இந்தக் காலத்துக்காகவே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழக அரசு அறிவித்து வழங்கி வருகிறது. மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் என்றால் அந்த வீட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன மதிப்பு என்று எண்ணிப் பாருங்கள். இப்படிப்பட்ட ஊரில் 'சேவை செய்ய வா' என்று ஒரு பெண்ணை அழைக்கும்போது, அவளுடைய நேரத்துக்கும் விலை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

மரக்காணம் தொடங்கிக் கோட்டக்குப்பம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நம் மக்களும் வாழ்கிறார்கள். ஊரின் பொது நிலையங்களில் நம் பெண்களும் இளைஞர்களும் பணியாற்ற வேண்டும் என்றுதான் நாமும் விரும்புகிறோம். அதற்கு முன், அங்கே உள்ள பொறுப்புகள் எத்தனை வகை என்று தெரிந்துகொள்வது நல்லது.

நான்கு வகைப் பொறுப்புகள்

முதல் வகை, முறையான சம்பளப் பணி. நியமன ஆணை உண்டு, ஊதிய விகிதம் உண்டு, விடுப்பு உண்டு, ஓய்வு வயது உண்டு.

இரண்டாம் வகை, மதிப்பூதியப் பணி. நாள்தோறும் வேலை இருக்கும், வருகைப் பதிவேடும் இருக்கும். ஆனால் கொடுப்பதற்குச் 'சம்பளம்' என்று பெயர் இருக்காது.

மூன்றாம் வகை, ஊக்கத்தொகையுடன் கூடிய தன்னார்வம். இல்லம் தேடிக் கல்வி இந்த வகைதான். போக்குவரத்துக்கும் சிறு செலவுகளுக்கும் கைகொடுக்கும் தொகை அது. குடும்பம் நடத்துவதற்கான தொகை அல்ல.

நான்காம் வகை, முழுத் தன்னார்வம். எதையும் எதிர்பார்க்காமல் கொடுக்கும் நேரம்.

நான்குமே கண்ணியமானவைதாம். ஒன்றை இன்னொன்றாக எண்ணிக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பட்டம் முடித்தவள். மாலை வகுப்புத் தன்னார்வலராகச் சேர்கிறாள். 'இதில் நான்கு வருடம் இருந்தால் அரசு வேலை நிச்சயம்' என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அவள் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கவில்லை. வேறு வேலைக்கு விண்ணப்பிக்கவும் இல்லை. பிறகு மையங்களின் எண்ணிக்கை குறைக்கப்படுகிறது. இல்லம் தேடிக் கல்வியிலும் அப்படித்தான் பிற்காலத்தில் மையங்கள் குறைந்தன. அவள் கையில் மிஞ்சுவது சான்றிதழ் மட்டும். கொரோனாவின் கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்த திட்டம் அது. நிரந்தரப் பணியிடம் என்று தொடக்கத்திலேயே சொல்லப்படவில்லை. இது தெரிந்தே சேர்ந்தவளுக்கு அந்த ஆண்டுகள் நல்ல அனுபவம். தெரியாமல் சேர்ந்தவளுக்கு அதே ஆண்டுகள் இழப்பு.

அங்கன்வாடி சொல்லும் பாடம்

மதிப்பூதியம் என்ற சொல் எவ்வளவு தூரம் ஒருவரின் வாழ்க்கையைப் பாதிக்கும் என்பதற்கு அங்கன்வாடியே சாட்சி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. பணியாளரும் உதவியாளரும் உள்ளூர்ப் பெண்கள். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர்கள் யார்?

கர்நாடகத்தைச் சேர்ந்த அமீர்பி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர் பதவி அரசின் சிவில் பதவி அல்ல என்று தீர்ப்பளித்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, குஜராத்திலிருந்து வந்த மற்றொரு வழக்கில் 2022 ஏப்ரல் 25 அன்று அதே நீதிமன்றம், 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பொருந்தும் என்றது. அவர்கள் பெறுவது வெறும் மதிப்பூதியம், ஊதியம் அல்ல என்ற வாதம் எடுபடவில்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை கிடைக்க வழி செய்த சட்டம் அது. திட்டம் தொடங்கி ஏறத்தாழ 47 ஆண்டுகள் கழித்துத்தான் இந்தத் தெளிவு பிறந்தது.

தமிழ்நாட்டில் இப்பணிக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. 2025ஆம் ஆண்டு நியமன அறிவிப்பின்படி, அங்கன்வாடிப் பணியாளருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அதன்பின் 7,700 முதல் 24,200 வரையிலான ஊதிய விகிதம். உதவியாளருக்கு 4,100 முதல் 12,500 வரை. பணியாளருக்குக் கல்வித்தகுதி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி. வயது 25 முதல் 35 வரை. கணவரை இழந்தோருக்கும் கைவிடப்பட்டோருக்கும் 40 வயது வரை சலுகை உண்டு. இத்தகைய நிலையில் உள்ள சகோதரிகள் எல்லா மஹல்லாவிலும் இருக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது அவர்களுக்குச் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள். அதுவே பெரிய உதவி. இடத்தை 'வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்பவரிடம் மட்டும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

புயல் நாளில் கூலி கேட்பவர் யார்?

இதைப் படிப்பவர்கள், 'அப்படியானால் எல்லாவற்றுக்கும் காசு கேட்க வேண்டுமா?' என்று நினைக்கலாம். இல்லை. முழுத் தன்னார்வத்துக்கும் அதற்கே உரிய இடம் உண்டு. நம் கடற்கரைக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, மரக்காணத்துக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் அன்றைக்கே மீனவ மக்களுக்கு உணவும் தங்க இடமும் கொடுத்தார்கள், சடலங்களை மீட்டார்கள். யாரும் மதம் கேட்கவில்லை; யாரும் கூலியும் கேட்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய நாட்களில் புயல் பாதுகாப்பு மையங்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்து வைத்து, முதியோரைத் தூக்கிச் சென்று, சோறாக்கிப் போட ஆட்கள் வேண்டும். அந்த வேலைக்கு விலை போட முடியாது.

விலை இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' திட்டத்தில் சேர்ந்த தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் 12 நாள் பயிற்சியும், அவசரகாலக் கருவிகள் அடங்கிய பையும், காப்பீடும் வழங்கப்பட்டன. காசு வாங்காதவரையும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள். இடுப்பளவு நீரில் இளைஞர்களை இறக்கிவிட்டு, நிழற்படம் எடுத்துப் போட்டுவிட்டு, அவர்களில் ஒருவருக்குக் கால் முறிந்தால் மருத்துவச் செலவுக்கு வசூலுக்கு அலைவது சேவையை மதிப்பதாகாது.

நம் மஹல்லாவைப் பார்ப்போம்

அரசு மையங்களைப் பற்றிப் பேசுவது எளிது. நம் பள்ளிவாசல் வளாகத்தில் நடக்கும் டியூஷன் சென்டர், நூலகம், பெண்கள் மதரஸா, ஜனாஸா உதவிக் குழு ஆகியவற்றை நாம் எப்படி நடத்துகிறோம்?

மார்க்கப் பணிக்குச் சம்பளம் கேட்கலாமா என்ற தயக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஜகாத் பெற உரிமையுள்ள எட்டு வகையினரில், அதை வசூலித்து நிர்வகிக்கும் பணியாளரையும் குர்ஆன் சேர்த்தே சொல்கிறது. துணி வணிகம் செய்துவந்த அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவானபோது, பொதுப்பணியில் முழு நேரத்தையும் செலுத்துவதற்காகப் பைத்துல்மாலிலிருந்து அவர்களின் குடும்பச் செலவுக்குத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டால் முழு வயிற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல.

நாட்டின் சட்டமும் இதையே சொல்லியிருக்கிறது. இமாமத் என்பது மார்க்கச் சேவை, அதற்கு ஊதியம் கோர முடியாது என்ற வாதத்தை 1993இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இமாம்களுக்கு ஊதியத் திட்டம் வகுக்கும்படி உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2009இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. பள்ளிவாசல், தர்கா, மதரஸாக்களில் பணிபுரிவோர் அதில் உறுப்பினராகலாம். நம் ஊர் பிலால் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

எந்த மையமானாலும், யார் நடத்தினாலும், பிள்ளைகளை அனுப்பும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. இது வேலையா, சேவையா? எழுத்தில் தருவார்களா?
2. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? எத்தனை மாதம்?
3. தொகை உண்டென்றால் எந்தத் தேதியில், வங்கிக் கணக்கில் வருமா?
4. கைக்காசில் செய்யும் செலவைத் திருப்பித் தருவார்களா?
5. விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?
6. பெண் பிள்ளைகள் வீடு திரும்ப என்ன ஏற்பாடு? மையத்தில் இன்னொரு பெரியவரும் உடன் இருப்பாரா?
7. முடிக்கும்போது சான்றிதழ் உண்டா?

மதிப்பூதியத்தில் பணிபுரிவோர், 16 முதல் 59 வயதுக்குள் இருந்து, வருங்கால வைப்பு நிதியிலோ இ.எஸ்.ஐ.யிலோ இல்லாதவர் என்றால் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். உப்பளத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும்.

நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. நாள்தோறும் குறித்த நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் விளக்கம் கேட்போம் என்றால் அது வேலை. அதற்குக் கூலி கொடுங்கள். முடிந்தபோது வந்து உதவட்டும் என்றால் அது சேவை. அதற்கு நன்றி சொல்லுங்கள், நேரத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கூலி கொடுக்க வசதி இல்லை என்றால் நேரத்தைக் குறையுங்கள். ஐந்து நாளை இரண்டு நாளாக்குங்கள். வேலை வாங்கிக்கொண்டு, கூலி கேட்கும்போது மட்டும் 'அல்லாஹ் தருவான்' என்று சொல்லி அனுப்பாதீர்கள். அல்லாஹ் தருவது அல்லாஹ்வின் அருள். நாம் தர வேண்டியது நம் கடன்.

மாலையில் பாடம் சொல்லித் தர ஒரு சகோதரி வந்தால், உப்பளத்திலிருந்து திரும்பும் தாய் சற்று நிம்மதியாக அடுப்பைப் பற்ற வைப்பாள். அந்தச் சகோதரியும் நிம்மதியாக வீடு திரும்ப வேண்டும். வேலைக்கு வந்தவள் கூலியோடும், சேவைக்கு வந்தவள் மனநிறைவோடும் திரும்பட்டும். எதற்காக வருகிறோம் என்பது முதல் நாளிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.