பைன் காட்டுக்குக் கூட்டம், சோலைக்கு யாருமில்லை

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் தலைகுந்தா பக்கம் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். பைன் ஃபாரஸ்ட். சரிவெல்லாம் நெட்டென்று நிற்கும் மரங்கள், நடக்கத் தோதான சுத்தமான தரை, கீழே இறங்கிப் போனால் அணைத் தண்ணீர். இன்னும் கொஞ்சம் தள்ளி ஷூட்டிங் மேடு, அங்கேயும் கூட்டம்தான். இந்த மலைகளின் மடிப்புகளில் அங்கங்கே கரும்பச்சையாகச் சோலைக்காடுகள் ஒடுங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள் அபூர்வம்.

இந்த விருப்பு வெறுப்பை அளக்க ஒரு வழி உண்டு. அமெரிக்க வனத்துறைக்காக டெர்ரி டேனியல், ரான் பாஸ்டர் இருவரும் 1976-இல் அதை வெளியிட்டார்கள். காட்டின் வெவ்வேறு இடங்களை வண்ணப்படம் எடுத்து, பலருக்குத் திரையில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் 10-க்கு எத்தனை என்று கேட்பது. சில வாத்தியார்கள் அள்ளிப் போடுவார்கள், சிலர் கிள்ளிப் போடுவார்கள் அல்லவா? அந்த வித்தியாசத்தைப் புள்ளியியல் கணக்கில் கழித்துவிட்டு அழகை மதிப்பிட்டார்கள். இவ்வகை ஆய்வுகளில் பொதுவாக நல்ல மதிப்பெண் வாங்குவது எது? பெரிய மரங்கள், நடுவே இடைவெளி, தரையில் புல். மதிப்பெண் இழப்பவை: அடர்ந்த புதர், விழுந்து மக்கும் கட்டை, வெட்டிப்போட்ட கிளைகள். தலைகுந்தா பைன் காடு ஏன் பாஸாகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் கண் ஏன் இப்படி மார்க் போடுகிறது? ஜே ஆப்பிள்டன் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் 1975-இல் ஒரு பதில் சொன்னார். நாம் யார் கண்ணிலும் படாமல், நம் கண்ணுக்கு எல்லாம் தெரிகிற இடமே மனிதனுக்குப் பிடிக்கும். வேட்டையாடியும் வேட்டைக்குத் தப்பியும் வாழ்ந்த காலத்தின் மிச்சம் அது. தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்ப்பவரை இது ஓரளவு விளக்குகிறது. ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் என்ற உளவியல் தம்பதி இன்னொன்றைச் சேர்த்தார்கள்: காட்சி சட்டென்று பிடிபடவும் வேண்டும், இன்னும் உள்ளே போனால் ஏதோ இருக்கிறது என்று ஆவலைத் தூண்டவும் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வளைந்து மறையும் பாதை இரண்டையும் தருகிறது. வரிசை பிசகாத செடிகள், வளைவுக்கு அப்பால் என்னவோ.

ஆதிமனிதக் கதை எனக்குப் பாதிதான் ஒப்புகிறது. ரசனையில் பழக்கத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே வந்தார். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் இந்தப் புல்மேடுகளில் தங்கள் ஊரின் சாயலைக் கண்டு மகிழ்ந்தார்கள். நமக்கு அதைப் பழக்கியது சினிமா. எத்தனை டூயட் பார்த்திருக்கிறோம்!

சிக்கல் என்னவென்றால், கண் போடும் மார்க்குக்கும் மலையின் நலனுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பைன் காட்டின் தரை சுத்தமாக இருப்பதற்குக் காரணம், எளிதில் மக்காத ஊசியிலைகள் மெத்தையாகப் படிந்து, மேலே நிழலும் கவிந்து, அடியில் பெரிதாக எதுவும் முளைக்காததுதான். வசந்தத்தில் மேட்டில் தங்க மஞ்சளாய்ப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் செடி முன்னால் நின்று படம் எடுக்காதவர் யார்? ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தச் செடி புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் புல்வெளி காட்டை வெட்டியதால் வந்த பொட்டல் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை ராமன் சுகுமார் குழுவினர் ஆராய்ந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். புல்லும் மரமும் மண்ணில் விடும் கார்பன் ஐசோடோப்பு விகிதம் வேறு வேறு. அதை வைத்துப் பார்த்தால், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. மரக்கன்று மேட்டில் தலையெடுக்க உறைபனி விடுவதில்லை. மடிப்புகளில் மட்டும் சோலை ஒதுங்குகிறது.

இது தெரியாமல், ‘வீண் நிலம்’ என்று கற்பூர மரத்தையும் (யூக்கலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) அடுக்கினார்கள். கிளென்மார்கனில் உதகை மண்வள ஆராய்ச்சி நிலையம் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது: ஒன்று புல்வெளியாகவே இருந்தது, மற்றதில் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். மரம் நட்டதில் முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடிவரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. அடுத்த சுற்றில் சுமார் 25 சதவீதம். பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிற மலைக்கு இது சின்ன விஷயமல்ல.

சோலைக்குப் பயணிகளை வரவழைக்க வழியில்லையா? அதன் உள்ளே போனால் தூரக் காட்சி கிடையாது. பாசி பிடித்து முறுக்கிய மரங்கள், கிளையில் ஆர்க்கிட், ஈரம், மழை நாளில் அட்டை. ஜோன் நாசவர் என்ற அமெரிக்க நிலவடிவமைப்பு அறிஞர் 1995-இல் நடைமுறைக்கு உதவும் ஒன்றைச் சொன்னார். தாறுமாறாகத் தெரியும் இயற்கையை அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள்: வெட்டிவிட்ட புல், மர வேலி, தெளிவான பாதை. யாரோ இதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது தெரிந்தால் ஜனங்கள் உள்ளே இருக்கும் குழப்பத்தையும் ஏற்றுக்கொள்வார்கள்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர், 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மரத்தடியில் நடந்தால் நீலகிரிச் சிரிப்பானின் குரல் கேட்கும், பறவை கண்ணில் படாது. செல்ஃபிக்கு வெளிச்சமும் போதாது. ஓரத்தில் நாசவர் சொன்ன வேலியும் பாதையும் நேர்த்தியாக அமைந்தால், தலைகுந்தாவில் நிற்கும் வேன்களில் பத்தில் ஒன்றாவது இந்தப் பக்கம் திரும்புமா என்பதை யாராவது முறையாக அளந்து பார்க்கலாம். டேனியலும் பாஸ்டரும் செய்ததுபோலப் படங்களும், 10-க்கு மார்க் போட ஆட்களும் போதும், செலவு அதிகமாகாது.