காட்டு யானைகளும் தந்தத் திருட்டு வேட்டையும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் முதலிய கரிசற் பூமிகளில் காட்டு யானை வசிப்பதில்லை. ஆயினும் இச்சீமையில் ஓடும் வைப்பாறு உற்பத்தியாகும் மேற்குத் தொடர்ச்சி மலைகள் யானைகளின் பூர்வ வாசஸ்தலமாகும். மலைக்காடு செழித்திருந்தாலன்றி ஆற்றில் நீர்வரத்து நிலையாது. யானையோ கனிகளைத் தின்று, அவற்றின் விதைகளை வெகுதூரம் கொண்டுபோய்ச் சாணத்துடன் இடுவதால், காட்டைப் பயிராக்கும் ஜந்து என்றே சொல்லத்தகும். ஆதலின் அதன் க்ஷேமம் புன்செய்க் குடியானவர்களுக்கும் சம்பந்தப்பட்டதேயாம்.

ஆப்பிரிக்காக் கண்டத்தில் 1979-ல் சுமார் 13 லட்சம் யானைகள் இருந்தனவென்று மதிக்கப்பட்டது. 2016-ல் வெளியான மதிப்பின்படி அத்தொகை சுமார் 4,15,000 ஆகக் குறைந்தது. இக்குறைவுக்குப் பிரதான காரணம் தந்தத்திற்காக நடந்த திருட்டு வேட்டையேயாம். ஆசியாவின் காட்டு யானைகள் சுமார் 50,000-க்கு உட்பட்டவையே. அவற்றிற் பெரும் பகுதி இந்தியாவில் உள்ளது. 2025-ல் வெளியான கணக்கின்படி இந்தியாவில் 22,446 யானைகளும், அவற்றுள் தமிழ்நாட்டில் 3,136 யானைகளும் உள.

ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டிற்கும் தந்தம் உண்டு. ஆசிய யானைகளிலோ பெண்ணாகிய பிடிக்கு வெளியில் நீண்ட தந்தம் இல்லை. ஆண்களிலும் மோழை எனப்படுபவற்றிற்கு அது கிடையாது. தந்தத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மண்டையோட்டிற்குள் புதைந்திருப்பதால், அதை முழுதும் கவர விரும்பும் திருடன் யானையைக் கொன்றே தீருகிறான். ஆகவே நம் நாட்டில் திருட்டு வேட்டைக்கு இரையாவது கொம்பன் யானையே.

இதனால் விளையும் கேடு ஒரு கொம்பனோடு நிற்பதில்லை. நல்ல பொலிகாளை இல்லாத மந்தையின் கதியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பிடி ஏறக்குறைய 22 மாதம் கருவைச் சுமந்து பெரும்பாலும் ஒரே கன்றை ஈனும். அடுத்த ஈற்றுக்கு நாலைந்து வருஷம் செல்லும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளை அடுத்துள்ள பெரியாறு வனத்தில், 1969-ல் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் 6 என்றிருந்த விகிதம், 1989-ல் ஆண் ஒன்றுக்குப் பெண் 122 என்றாயிற்று. கன்றுகளும் அருகின. வேட்டை அடங்கிய பின்னரும், ஆண் கன்றுகள் வளர்ந்து பருவமெய்தும் வரை அந்த நஷ்டம் ஈடாகாது.

சென்னை மாகாணத்தில் 1873-லேயே காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் ஏற்பட்டது. சுதந்திர இந்தியாவில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் யானை 1977-ல் சேர்க்கப்பட்டது. 1986-ல் இந்தியத் தந்த வியாபாரமும், 1991-ல் ஆப்பிரிக்கத் தந்த வியாபாரமும் விலக்கப்பட்டன. தந்தம் வாங்குவோரும் விற்போரைப் போலவே குற்றவாளிகளாவர்.

இக்காலத்தில் வேறோர் அபாயமும் சேர்ந்துள்ளது. காட்டுப் பன்றிக்கென்று வைக்கும் திருட்டு மின்கம்பியும், வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயும் யானையையும் மாய்க்கின்றன. 2020-ல் கேரளத்தின் பாலக்காட்டு ஜில்லாவில் வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த சினைப்பிடி ஒன்று மாண்டது. 2023 மார்ச்சில் தருமபுரி ஜில்லா மாரண்டஹள்ளியருகே வயலில் இட்ட மின்கம்பியால் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் அநாதையாயின. அத்தகைய கம்பியில் இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் மனிதரும் மாடும் அகப்படுவதுண்டு.

கரிசற் காட்டில் மக்காச்சோளத்தைப் பன்றிகள் பாழாக்குவது மெய்யே. அதற்கு முறையான வழி உண்டு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு செய்த ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டிலிருந்து 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வரும் பன்றிகளைப் பிடித்துக் காட்டில் விடவும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வன இலாகா மூலம் சுடவும் இடமுண்டு. குடியானவர் தாமே கொல்ல அதில் அனுமதியில்லை. சூரிய சக்தி வேலி அமைப்போர் 2023-ம் வருஷத்து விதிகளை அநுசரித்தல் வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக்குப் பாய்ச்சுதல் எவ்விடத்தும் குற்றமே.

ஆகையால் பயிர்ச் சேதம் கண்ட நிலச்சொந்தக்காரர் தாமதமின்றிக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவிப்பது நலம். கிராம அதிகாரிகளும் அம்மனுக்களை உடனே வன இலாகாவுக்கு அனுப்பி, ஊரில் அவுட்டுக்காய் விற்போர், திருட்டுக் கம்பி இழுப்போர், தந்த விலை பேச வரும் அந்நியர் ஆகியோரைப் பற்றிய செய்தியையும் வன அதிகாரிக்கோ போலீசுக்கோ தெரிவித்தல் கடமையாகும். முறையான பரிகாரம் தாமதிக்குமிடத்திலேயே கம்பியும் வெடியும் வயலில் நுழைகின்றன என்பது கவனிக்கத்தக்கது.