ஒரே வரியில் எழுதினால் கூடுதல் மார்க் உண்டா? நிரலில் சுருக்கமும் தெளிவும்

"டீச்சர், அவன் பத்து வரியில எழுதினதை நான் ஒரே வரியில முடிச்சிட்டேன். எனக்குக் கூடுதல் மார்க் உண்டா?"

நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் ஓர் ஆண்டைக் கடப்பது கடினம். மலேசியாவில் எஸ்.பி.எம். கணினி அறிவியல் என்றால் ஜாவா, சிங்கப்பூரில் ஓ நிலை என்றால் பைதான். மொழிதான் வேறு, கேள்வி ஒன்றுதான். "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணத்தைச் சொல்லாவிட்டால், 'டீச்சருக்குப் புரியல, அதான் மார்க் போடல' என்று அந்த மாணவர் நினைத்துக்கொள்வார். அப்படி நினைப்பதில் பாதி உண்மையும் உண்டு. புரியவில்லைதான். அது யாருடைய குறை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு ஐம்பது ஆண்டு பழைய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. பிரையன் கெர்னிகன், பி. ஜே. பிளாகர் இருவரும் சேர்ந்து 1974-இல் நிரல் எழுதும் நடையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார்கள். அதன் தொடக்கத்திலேயே ஒரு ஃபோர்ட்ரான் நிரல்துண்டை எடுத்து வைத்து அலசுகிறார்கள். அதிலுள்ள முக்கியமான வரியை நம் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்:

அணி(அ, ஆ) = (அ / ஆ) * (ஆ / அ)

இதில் 'அ' என்பது நிரையின் எண். 'ஆ' என்பது செங்குத்து வரிசையின் எண். (கணிதப் புத்தகத்தில் செங்குத்து வரிசையை 'நிரல்' என்போம். இங்கே அப்படிச் சொன்னால் கணினி நிரலோடு குழம்பிவிடும். ஒரே பெயரை இரண்டு பொருளுக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே ஒரு சான்று!) இரண்டு எண்களும் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும். மேலே படிப்பதை நிறுத்திவிட்டு, இந்த வரி என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

விடை: இது அலகு அணியை உருவாக்குகிறது. முதன்மை மூலைவிட்டத்தில் 1, மற்ற இடமெல்லாம் 0. ஃபோர்ட்ரானில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதி கழிந்துவிடும். அ = 3, ஆ = 5 என்றால் 3/5 = 0, 5/3 = 1. பெருக்கினால் 0. இரண்டும் 4 என்றால் 1 × 1 = 1. இரண்டு எண்களும் சமமாக இருந்தால் மட்டுமே 1 கிடைக்கும். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை.

இதையே நேராகவும் எழுதலாம்:

ஒவ்வொரு நிரைக்கும்
    அந்த நிரையில் எல்லா இடத்திலும் 0 வை
    மூலைவிட்ட இடத்தில் 1 வை

இதைப் படிப்பவர் யோசிக்கவே தேவையில்லை. "சுருக்கமா எழுதினா வேகமா ஓடும்தானே, டீச்சர்?" என்பது மாணவர்களின் அடுத்த கேள்வியாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 100 நிரை, 100 செங்குத்து வரிசை என்றால் 10,000 இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வகுத்தல், ஒரு பெருக்கல். ஆக 20,000 வகுத்தல்கள். நேரான முறையில் வகுத்தலே இல்லை. எண்களை வைப்பது மட்டும்தான் வேலை. வரி குறைந்தால் கணினியின் வேலையும் குறையும் என்று எந்த விதியும் கிடையாது.

நம் மாணவர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த வரியை ஜாவாவில் முழு எண் மாறிகளோடு எழுதினால் ஃபோர்ட்ரான் தந்த அதே விடை வரும். பைதான் 3-இல் எழுதினால்? அங்கே '/' குறி பின்னத்தையும் சேர்த்தே தரும். 3/5 என்பது 0.6, 5/3 என்பது 1.666... பெருக்கினால் 1. எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அணி முழுக்க 1 அல்லது அதற்கு மிக நெருங்கிய எண் வந்து நிற்கும்! பிழைச் செய்தி ஒன்றும் வராது. நிரல் அமைதியாக ஓடி, தப்பான விடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். நேராக எழுதிய நிரலை எந்த மொழிக்கு மாற்றினாலும் இந்த ஆபத்து இல்லை.

அந்தக் காலத்தில் ஏன் இப்படிச் சுருக்கினார்கள் என்றால், காரணம் இருந்தது. ஒரு துளை அட்டையில் 80 இடங்கள்தான். பழைய ஃபோர்ட்ரானில் மாறியின் பெயர் ஆறு எழுத்தைத் தாண்டக்கூடாது. 1981-இல் வந்த சிங்க்ளேர் இசட்.எக்ஸ்.81 வீட்டுக் கணினியின் நினைவகம் 1 கிலோபைட் மட்டுமே. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் எழுத்தை மிச்சம் பிடிப்பது தேவையாக இருந்தது. இன்று மாணவர் கையிலுள்ள கைப்பேசிக்கு அந்தக் கவலை இல்லை. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இனி, தேர்வுக்கு நெருக்கமான ஒன்று: லீப் ஆண்டு. கிட்டத்தட்ட எல்லா வகுப்பிலும் வரும் பயிற்சி. இணையத்தில் தேடும் மாணவர் சிலர் இப்படி ஒன்றைக் கொண்டுவருவார்கள்:

ஆ % (ஆ % 25 != 0 ? 4 : 16) == 0

இது சரியான விடைதான். 25-ஆல் வகுபடாத ஆண்டு என்றால் 4-ஆல் வகுபடுகிறதா என்று பார்க்கும். வகுபட்டால் 16-ஆல் பார்க்கும். 25-ஆலும் 16-ஆலும் வகுபடும் எண் 400-ஆலும் வகுபடும் என்பதே இதிலுள்ள சூட்சுமம். 1900-ஐ 16 வகுக்காது, 2000-ஐ வகுக்கும். 25, 16 என்ற எண்கள் நாள்காட்டி விதியில் எங்குமே இல்லை. விதியில் இருப்பவை 4, 100, 400.

இப்போது இதைப் பாருங்கள்:

(ஆண்டு % 4 == 0 && ஆண்டு % 100 != 0) || ஆண்டு % 400 == 0

இதுவும் ஒரே வரிதான் என்பதைக் கவனியுங்கள். ஆகவே வரி எண்ணிக்கை இங்கே பிரச்சினை இல்லை. இந்த வரி நாள்காட்டி விதியை அப்படியே சொல்கிறது. முந்தையது விதியை ஒளித்து வைக்கிறது. தேர்வுத் தாளில் பிழை திருத்தச் சொன்னாலோ, மாறிகளின் மதிப்பை அட்டவணையில் படிப்படியாகக் காட்டச் சொன்னாலோ, பதற்றத்தில் இருக்கும் மாணவருக்கு எது கைகொடுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நிபந்தனையையும் மூன்று தனி வரியாக எழுதினாலும் தவறில்லை. தொடக்க நிலையில் இருப்பவர்களை அப்படித்தான் எழுதச் சொல்வேன்.

மாற்றம் வரும்போதுதான் சுருக்கத்தின் விலை தெரியும். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி நெடுங்காலம் 7 விழுக்காடாக இருந்தது. 2023 ஜனவரி 1-இல் 8 ஆனது, 2024 ஜனவரி 1-இல் 9 ஆனது. கடை பில் போடும் நிரல் ஒன்றில் 'மொத்தம் = வி * எ * 1.07' என்று இருபது இடத்தில் எழுதியிருந்தால், இருபதையும் தேட வேண்டும். போதாக்குறைக்கு வேறொரு காரணத்துக்காக எங்கோ எழுதிய 1.07-உம் சேர்ந்து மாறிவிடலாம். 'வரிவிகிதம் = 0.07' என்று மேலே ஒரே ஒரு இடத்தில் பெயரிட்டு வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. கூடுதலாக ஒரு வரி எழுதச் சோம்பல்பட்டதற்கு ஈராண்டில் இரண்டு முறை விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

தமிழாசிரியர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். "குறளே ஏழு சீர்தானே? சூத்திரம் என்றால் சில எழுத்தில் பல பொருள், கண்ணாடியில் பெரிய உருவம் தெரிவதுபோல இருக்க வேண்டும் என்றுதானே நன்னூல் சொல்கிறது? சுருக்கம் எப்படிக் குற்றமாகும்?" சுருக்கம் குற்றமில்லை. ஆனால் குறளுக்குப் பரிமேலழகர் உட்படப் பலர் உரை எழுதியிருக்கிறார்கள். பாடம் சொல்லும் மரபும் தொடர்ந்து வந்திருக்கிறது. மாணவர் நேற்றிரவு எழுதிய நிரலுக்கு உரையாசிரியர் யார்? இரண்டு மாதம் கழித்து அவரே அதைத் திறந்து பார்த்து விழிப்பார்.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1974-இல் அந்த ஃபோர்ட்ரான் வரியைக் குறைசொன்ன அதே கெர்னிகன், 1978-இல் டென்னிஸ் ரிச்சியோடு சேர்ந்து சி மொழிக்குப் புத்தகம் எழுதினார். அதில் ஓர் எழுத்துச் சரத்தை இன்னொன்றுக்குப் படியெடுக்கும் வேலையைப் படிப்படியாகச் சுருக்கி, கடைசியில் ஒரே வரிக்குக் கொண்டுவருகிறார்கள். அதைப் பழகிக்கொள்ளவும் சொல்கிறார்கள். முரண்பாடா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சி மொழி எழுதுகிறவர்களுக்கு அந்த வரி ஒரு மரபுத்தொடர் மாதிரி. 'கம்பி நீட்டினான்' என்றால் தமிழருக்கு ஓடிப்போய்விட்டான் என்று உடனே புரியும். யாரும் கம்பியைத் தேடமாட்டார்கள். எல்லாருக்கும் பழகிய சுருக்கம் வேறு. ஒருவர் தானாகக் கண்டுபிடித்துப் பிறரைத் திணறவைக்கும் சுருக்கம் வேறு.

எதிர்ப்பக்கத் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். 'எண் = எண் + 1' என்ற வரிக்குப் பக்கத்தில் 'எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிறோம்' என்று குறிப்பு எழுதுவது தெளிவு ஆகாது, வெறும் இரைச்சல். கணக்குச் சூத்திரத்தில் 'அ', 'ஆ' போதும் என்றால் அங்கே 'முதலாவதாக உள்ளிடப்பட்ட எண்' என்று நீட்ட வேண்டியதில்லை. சில வேளைகளில் ஆசிரியர்களாகிய நாமே மாணவர்களை இப்படி எழுதப் பழக்கிவிடுகிறோம்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. லீப் ஆண்டுக்கான மேலுள்ள இரண்டு வரிகளில் ஒன்றைப் பாதி வகுப்புக்கும் மற்றதை மீதி வகுப்புக்கும் கொடுங்கள். முதலில் 2100 லீப் ஆண்டா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் 'இல்லை' என்று வரும், நேரம்தான் வேறுபடும். அடுத்து, 1582-க்கு முந்தைய ஜூலியன் நாள்காட்டிக்கு ஏற்ப நிரலை மாற்றச் சொல்லுங்கள். அதில் நான்காண்டுக்கு ஒருமுறை கட்டாயம் லீப் ஆண்டு, நூறு, நானூறு என்ற விலக்கெல்லாம் இல்லை. ஒரு பக்கத்து மாணவர்கள் தேவையில்லாத இரண்டு நிபந்தனைகளை அடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைப்பார்கள். மறுபக்கத்தில் 25-ஐ எடுப்பதா, 16-ஐ எடுப்பதா என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும்.