கல்லாவுக்கு எதிரே ஒரு கரும்பலகை

கல்லாவுக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டிய கரும்பலகை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்று யாருக்குப் பணம் கட்ட வேண்டும், எந்தச் சரக்கு தீர்ந்துபோகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்போம். மயிலாப்பூர் மாட வீதிகளில் பழைய கடைகள் சிலவற்றில் அது இன்றும் தொங்குகிறது. கம்ப்யூட்டர் வைத்த கடைகளில் பலகையைக் கழற்றிவிட்டோம். பில் போடுகிறோம், கணக்கு பார்க்கிறோம். ஆனால் நாம் தேடிப் போய்க் கேட்டால்தான் கம்ப்யூட்டர் சொல்லும். பலகை கேட்காமலே சொல்லும்.

அடையாறில் நமக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவர் பண்டிகை வியாபார மும்முரத்தில் ஜி.எஸ்.டி. 3பி படிவத்தின் 20ஆம் தேதியைத் தவறவிட்டார். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு ரூ.50, கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. "எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது சார், நான்தான் பார்க்கவில்லை" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பலகைதான்.

அதைத் திரையிலேயே மாட்டலாம். 'விட்ஜெட்' என்பார்கள். திரையின் ஓரத்தில் எப்போதும் நிற்கும் சிறு பெட்டி அது. தேதி, பாக்கி, இருப்பு எதை வேண்டுமானாலும் காட்டும். சிலவற்றைத் தொட்டால் கணக்குத் தாளே திறந்துகொள்ளும். இதற்கு ஓப்பன் சோர்ஸ் கருவிகள் இருக்கின்றன. இவற்றை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்து மாற்றவும் உரிமை உண்டு. விண்டோஸில் ரெயின்மீட்டர், லினக்ஸில் காங்கி, கேடிஇ பிளாஸ்மா ஆகியவை பெயர் பெற்றவை.

பெரிய கம்பெனிகள் தரவில்லையா என்று கேட்கலாம். தந்தன. மைக்ரோசாஃப்ட் 2007இல் விஸ்டாவோடு கொடுத்த திரைப் பெட்டிகளைப் பாதுகாப்புக் குறை காரணமாக முடக்கிவிடும்படி 2012இல் அதுவே அறிவித்தது. கூகுள் டெஸ்க்டாப் 2011இல் நிறுத்தப்பட்டது. ரெயின்மீட்டர் 2001இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. முதலாளி கடையைப் பூட்டினாலும் சரக்கு நம்மிடமே இருக்கும் என்பதுதான் நாம் இதில் கண்ட லாபம்.

வேலை செய்யும் விதம் எளிது. ரெயின்மீட்டரில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எதை அளக்க வேண்டும் என்பது ஒரு பகுதி, அதை எப்படிக் காட்ட வேண்டும் என்பது மற்றொரு பகுதி. பில் மென்பொருளிலிருந்து சரக்கு இருப்பைச் சாதாரணப் பட்டியலாக எடுத்து வைத்தால், துவரம் பருப்பு இரண்டு மூட்டைக்குக் கீழே போனதும் சிவப்பில் காட்டச் செய்யலாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டு மாலைப் பொழுது போதும்.

தமிழில் வேண்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காங்கியில் கொம்பும் காலும் இடம் மாறிவிழும். 'கொத்தமல்லி'யைப் படிக்க முடியாது. கேடிஇயில் இந்தத் தொல்லை இல்லை. ரெயின்மீட்டர் கோப்பை யூனிகோட் முறையில் சேமித்தால் தமிழ் சரியாக வரும்; பழைய பாமினி எழுத்துரு உதவாது.

லினக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளிலேயே ஏற்றப்பட்டிருந்தது. நம் பிள்ளைகள் சிலர் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. புதிய விண்டோஸ் ஏறாத பழைய பெட்டியை ரிச்சி தெருவில் வந்த விலைக்குத் தள்ளிவிடாமல், லினக்ஸ் ஏற்றிப் பலகையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பில் போடும் கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். நம் பில் மென்பொருள்கள் பலவும் விண்டோஸில் மட்டுமே ஓடுபவை.

பலகையில் என்ன எழுதலாம்? மாதாந்திர 3பி-க்கு 20ஆம் தேதி. காலாண்டு முறையில் இருப்போருக்குத் தமிழ்நாட்டில் காலாண்டு முடிந்த மறுமாதம் 22. காம்போசிஷன் வணிகர்களுக்கு அதே மாதம் 18. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. பலர் மறப்பது இன்னொன்று: பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளரிடம் மசாலாவோ அப்பளமோ வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். கெடு தாண்டிய பாக்கி ஆண்டு முடிவில் நின்றால், வருமான வரிக் கணக்கில் அதை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. சரக்கு வந்த நாளைக் கொடுத்துவிட்டால் மீதி நாட்களைப் பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும்.

வாடிக்கையாளர் பாக்கியை மட்டும் அதில் போடாதீர்கள். தி.நகரில் ஒரு கடையில் திரை வாசல் பக்கம் திரும்பியிருந்தது. ஓர் அம்மாள் தன் பெயரும் தொகையும் அதில் நிற்பதைக் கண்டார். மறுநாள் முழுப் பாக்கியையும் தீர்த்துவிட்டுப் போனவர், பிறகு அந்தக் கடைப் படியேறவில்லை. இருபது வருட வாடிக்கை.

முன்பின் தெரியாதவர் செய்து வைத்த பெட்டிகளை அப்படியே இறக்கவும் வேண்டாம். அவை கம்ப்யூட்டருக்குள் வேறு நிரலையும் ஓட்ட முடியும். முதலில் 3பி தேதிக்கு மட்டும் ஒரு பெட்டி போட்டு ஒரு மாதம் பாருங்கள். மற்றவற்றை அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம்.