பத்தியம் ஏன் பாதியில் நின்றுபோகிறது?

நீரிழிவு உள்ளவர் எதை உண்ண வேண்டும், எதை விலக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. ஆனால், கேட்டதைச் சில வாரங்கள் கடைப்பிடித்துவிட்டுப் பழைய தட்டுக்கே திரும்பிவிடுபவரை 'வைராக்கியம் இல்லாதவர்' என்று வீட்டாரும், சில வேளை மருத்துவரும் தீர்த்துச் சொல்லிவிடுவது, நோயின் தன்மையை உணராத தீர்ப்பாகும். பல்வலி வந்தவருக்கு மருந்தை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. நீரிழிவோ தொடக்க ஆண்டுகளில் வலிப்பதே இல்லை. உணவுக்குப் பின் சர்க்கரை 250 மில்லிகிராமைத் தாண்டியவரும் வழக்கம்போல வேலைக்குப் போய்வர முடிகிறது. விலக்கிய உணவின் இழப்பு நாக்குக்கு அன்றாடம் தெரிகிறது. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கால் நரம்புகளுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு எவருக்கும் புலப்படுவதில்லை.

துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் அமைந்துள்ள காட்டுப்பள்ளியிலும், அதையொட்டிய எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் வட்டாரங்களிலும் ஷிப்ட் முறையில் உழைப்பவர்களுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. உணவுச் சர்க்கரையை உயிரணுக்களுக்குள் சேர்க்கும் இன்சுலினின் வேலை இரவில் மந்தமாகிவிடுவதால், நண்பகலில் உண்ணும் அதே அளவு சோறு நள்ளிரவில் இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. தூக்கத்தை விரட்டுவதற்காகக் குடிக்கும் டீயின் கணக்கு தனி. ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம் எடை கொண்டது. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் ஒரே ஷிப்டில் ஐந்து டீ குடிப்பவர், எதையும் சாப்பிட்டதாகவே எண்ணாமல் 50 கிராம் சர்க்கரையை உட்கொண்டுவிடுகிறார்.

இவ்வூர்களை அடுத்த வடசென்னையில்தான் இந்திய நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடியான பேராசிரியர் மு. விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தம் மருத்துவமனையை நிறுவினார். நீரிழிவு வந்தால் அரிசியைக் கைவிட வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்த நிலையில், சோற்றை அறவே ஒழிக்காமல், பருப்பு, கீரை, காய்கறி ஆகியவற்றின் நார்ச்சத்தைக் கூட்டித் தரும் உணவுத் திட்டத்தை அவர் பரிந்துரைத்தார். மாவுச்சத்தை இன்னும் குறைக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வுகள் வலியுறுத்துவதால் அத்திட்டத்தின் அளவுகள் இன்று மாறியிருக்கின்றன. ஆயினும் வீட்டு அடுப்பிலிருந்து நோயாளியைப் பிரிக்கும் பத்தியம் நீடிக்காது என்ற அடிப்படை மாறவில்லை. ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் எழுதப்பட்ட பட்டியல் ஒரு மீனவக் குடும்பத்தில் எத்தனை நாள் தாங்கும்?

மனவுறுதியை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்க முடியும் என்பதற்கும் இப்பகுதியிலிருந்தே சான்று உண்டு. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் வாசலில் நின்ற, அதாவது சர்க்கரை இயல்பைவிடக் கூடியும் நோயின் எல்லையை இன்னும் எட்டாதிருந்த 537 ஆண் தொழிலாளர்களைத் தென்கிழக்கு இந்தியாவில் 2009 முதல் 2012 வரை ஆராய்ந்தது. அனைவருக்கும் தொடக்கத்தில் ஒரே அறிவுரை வழங்கப்பட்டது. ஒரு பாதியினருக்கு மட்டும், உணவையும் உடலுழைப்பையும் நினைவூட்டி, தளர்ந்தவரை மீட்கும் குறுஞ்செய்திகள் அவரவர் மனநிலைக்கேற்பக் கைப்பேசியில் தொடர்ந்து அனுப்பப்பட்டன. செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. நோய் ஏற்கெனவே வந்துவிட்டவர்களிடம் நடந்த ஆய்வன்று இது. எனினும் அறிவுரை ஒருமுறை சொல்லப்படுவதற்கும் விடாமல் சொல்லப்படுவதற்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகிறது.

புலப்படாத பயனைப் புலப்படுத்தும் கருவி மூன்று மாதச் சராசரி எனப்படும் ஹெச்பிஏ1சி சோதனையாகும். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அவற்றில் ஒட்டியுள்ள சர்க்கரையின் அளவு கடந்த மாதங்களின் உணவொழுக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு திருமண விருந்தில் தவறியவருக்கு அந்த ஒரு நாள் எல்லாவற்றையும் கெடுத்துவிடவில்லை என்ற ஆறுதலையும் தருகிறது. இந்த ஆறுதல் சிறிதன்று. 'ஒருமுறை கெட்டது, இனி என்ன' என்ற சலிப்பில் பல பத்தியங்கள் முறிகின்றன.

கடலோர உணவு நீரிழிவுக்குப் பகையும் அன்று. சங்கரா மீன் குழம்பிலோ, நெத்திலியிலோ, மத்தியிலோ குற்றமில்லை. அவற்றுக்கு அடியில் குவியும் சோற்றின் அளவிலேயே சிக்கல் இருக்கிறது. தட்டில் பாதியைப் பொரியலுக்கும் கீரைக்கும், கால் பங்கை மீனுக்கோ பருப்புக்கோ ஒதுக்கி, எஞ்சிய கால் பங்கில் சோற்றை வைத்து, காயையும் மீனையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னுக்குத் தள்ளினால், வீட்டுச் சமையலின் சுவை மாறாமலே சர்க்கரையின் ஏற்றம் குறையும். கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் தீங்கில்லை என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டும், அதுவும் மாவுச்சத்தே. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். பளுதூக்கி இயந்திரம் ஓட்டுபவருக்கு அது உயிராபத்து.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. ஆனால், இரவு ஷிப்டில் உழைப்பவருக்குச் சுண்டலும் அவித்த முட்டையும் சர்க்கரையில்லாத டீயும் கிடைக்கும்படி செய்வது, அவரை வேலைக்கு அமர்த்தியிருக்கும் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. தங்கள் கேன்டீன்களில் அதை இந்த மாதமே அவை தொடங்க வேண்டும்.