துண்டுக் காகிதமும் ஓர் அமானிதம்



முத்திரை சேர்ப்போரையும் பழைய நாணயம் சேர்ப்போரையும் நீங்கள் அறிவீர்கள். பிறரின் கையெழுத்தைச் சேர்ப்போரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதிகள் தம் கைப்பட எழுதிய சிறு குறிப்புகளைத் தேடி வாங்கிப் பேணுவோர் பலர் உளர்.

தட்டச்சுப் பொறி பரவாத காலம் அது. சிபாரிசு, நன்றி, மன்னிப்பு யாவும் பேனையால் எழுதப்பட்டன. அந்நூற்றாண்டின் பெரும்பகுதியில், காங்கிரஸ் உறுப்பினர் உறையின் மேல் தம் பெயரை எழுதினால் முத்திரையின்றியே கடிதம் சென்றது. அவ்வுறைகளையும் சேகரிப்போர் விடுவதில்லை.

ஒரு தாளின் மதிப்பு, எழுதியவரின் புகழை மாத்திரம் பொறுத்ததன்று. வில்லியம் ஹென்றி ஹரிசன் 1841இல் ஜனாதிபதியாகி ஒரே மாதத்தில் காலமானார். ஆதலால், அவர் ஜனாதிபதியாக ஒப்பமிட்ட தாள்கள் மிக அரிதானவை.

இதில் ஏமாறவும் இடமுண்டு. அரசு வழங்கும் காணி உறுதிகளில் ஜனாதிபதியின் பெயரைக் காரியதரிசி ஒருவரே எழுதுவதற்கு 1833ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது. எனவே, அதற்குப் பின் வந்த உறுதியில் அன்ட்ரூ ஜாக்சன் என்ற பெயரைக் கண்டு, அவரே எழுதியது என நம்பி வாங்குபவர் நட்டப்படுவார்.

இதனினும் பாரதூரமானது, உண்மையான தாளையே திருத்திவிடுவது. உள்நாட்டு யுத்தத்தின் போது, படையை விட்டு ஓடிய பட்ரிக் மர்பி என்ற சிப்பாய்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி ஆப்ரஹாம் லிங்கன் 1864 ஏப்ரல் 14ஆம் திகதி மன்னிப்பெழுதி அவரைக் காத்தார். பின்னாளில் யாரோ அத்தாளிலிருந்த 4ஐ 5 ஆக்கிவிட்டனர். லிங்கன் சுடப்பட்டது 1865 ஏப்ரல் 14ஆம் திகதி அல்லவா? அதனால் அம்மன்னிப்பு, அவர் இறுதி நாளில் செய்த நற்செயலாகத் தோன்றிற்று. இம்மாற்றத்தை அமெரிக்கத் தேசிய சுவடிக்கூடம் 2011இல் அறிவித்தது.

சிந்தித்துப் பாருங்கள். ஓர் உயிர் காக்கப்பட்டது என்ற உண்மையே போதுமானதாக இருந்தது. அதற்கு மெருகூட்டப் போய், சாட்சியையே ஊனமாக்கிவிட்டனர்.

உங்கள் அலுமாரியிலும் பாட்டனார் எழுதிய கடிதமோ, காணி உறுதியோ இருக்கலாம். மங்கிய எழுத்தின் மேல் மீண்டும் எழுதாதீர்கள். திகதி இல்லையெனில் நீங்களாக இடாதீர்கள். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். அறிந்த விபரத்தை வேறொரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பழைய தாள் நம் கைக்கு வந்தபடியே அடுத்தவர் கைக்குப் போகட்டும்.